வீட்டில் யாரிடம் பேசலாம்

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி மாகாளிக்கு ஐடிஐயில் கொடுத்தது. வேலைக்குப் போகத் தயார் பண்ணுகிற வகுப்பு ஒன்று அங்கே கொஞ்ச நாளாக நடக்கிறது. தினமும் ஒரு பக்கம் எழுதினால் தன்னம்பிக்கை வளரும் என்று வகுப்பு எடுக்கிற தனுஷ்கோடி சார் சொன்னாராம். அவள் இதை அரிசி டிரம்மின் மேல் போட்டுவிட்டு, "அரத்தைப் பிடிச்சுப் பிடிச்சு விரலே மடங்கல, இதுல டைரி வேறயா. நீ எழுது ஆச்சி. எனக்குப் பதிலா உனக்கு வளரட்டும்" என்றாள்.

எனக்கு அது ஏற்கெனவே வளர்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் நல்ல தாள். வீணாக்கக் கூடாது.

என் பெயர் செண்பகவடிவு. கழுகுமலையில் வீடு. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். இன்ஸ்பெக்டர் வந்த அன்று என் நோட்டைத்தான் டீச்சர் எடுத்துக் காட்டினார்கள். மாகாளி என் மகன் சங்கரபாண்டியின் ஒரே மகள். முழுப் பெயர் உச்சிமாகாளி. பிட்டர் டிரேடு, இரும்பை அளந்து ராவிப் பொருத்துகிற படிப்பு. இரண்டாம் வருஷம் முடியப் போகிறது. எங்கள் தெருவில் இரும்பைத் தொட்டுப் படித்த பெண்பிள்ளை வேறு யாரும் கிடையாது.

சங்கரபாண்டி லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருக்கிற நாள் குறைவு. மருமகள் பூரணம் தீப்பெட்டி ஆபீசுக்கு விடிவதற்குள் வேன் ஏறிவிடுவாள். உள்ளே செல்போன் கொண்டுபோக விடமாட்டார்கள். தீப்பொறி பயம். அதனால் ஐடிஐ பாரத்தில் 'வீட்டில் யாரிடம் பேசலாம்' என்று கேட்டிருக்கிற இடத்தில் என் பெயரும் என் நம்பரும்தான் இருக்கிறது. கேஸ்காரன் ஆகட்டும், கரண்டு ஆபீஸ் ஆகட்டும், இந்த வீட்டைப் பற்றி யாருக்கு என்ன தெரிய வேண்டுமானாலும் என் காதுக்கு வந்துதான் உள்ளே போக வேண்டும்.

சங்கரபாண்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறான். "ஆடி முடியுறதுக்குள்ள வேலை ஆர்டர் கையில வந்தா அவ போகட்டும். வரலன்னா ஆவணியில சங்கரன்கோவில் சம்பந்தத்த முடிச்சிருவோம். பாத்திரக்கடை இருக்கு, பையன் வெத்தல கூடப் போடுறதில்ல. இதுக்கு மேல என்ன வேணும்?" மாகாளி அதைக் கேட்டுவிட்டு எழுந்தாள். என்னிடம் வந்து, "ஆச்சி, நான் பாத்திரம் விக்கவா படிச்சேன்?" என்று கேட்டாள்.

கேட்க வேண்டிய கேள்விதான்.

ஜூன் 12, வியாழன்

இன்று நான் கம்பெனி ஆபீசர். மாகாளி இன்டர்வியூவுக்கு வருகிறவள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, "மே ஐ கமின் சார்" என்றாள். நான் பருப்புப் பொறுக்கிக்கொண்டு இருந்தேன். "வா, உக்காரு" என்றேன்.

"நீ உக்காருன்னு சொன்னதும் நான் தேங்க்யூ சொல்லணும். அப்புறம் நீ என்னப் பத்திக் கேக்கணும்."

"உன்னப் பத்தி எனக்கு என்னட்டி தெரியாது, கேக்கதுக்கு?"

"அய்ய, ஆச்சி."

தனுஷ்கோடி சார் நிறையச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கேட்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டுமாம். தலையைக் குனியக் கூடாது. கையைக் கட்டிக்கொள்ளக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். எல்லாம் நன்றாகத்தான் செய்தாள். பெயரைச் சொல்லும்போது மட்டும் பாதியை விழுங்கிவிட்டாள். ஊர்க்காரப் பெயர் என்று கூச்சம். "முழுசாச் சொல்லு. கோயில்ல இருக்க அந்தத் தாயி குடுத்த பிள்ளைன்னு வச்ச பேரு. யாருக்காக முழுங்குற?" என்று அதட்டினேன். அதற்கப்புறம் தெரு முனை வரை கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

அந்தோணியம்மாளுக்கு வீட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிற வேலை. கை மிஷினில் இருக்கும், காது எங்கள் வீட்டில் இருக்கும்.

ராவிச் செய்த இரும்புத் துண்டு ஒன்றை மாகாளி கொண்டுவந்து காட்டினாள். இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று போய் உட்கார்ந்துகொள்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுவே ஒரு கீற்றுக்கூடத் தெரியவில்லை. வகுப்பில் அவளுடையதைத்தான் மற்றவர்களுக்குக் காட்டினார்களாம். என் நோட்டு ஞாபகம் வந்தது.

உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது. நல்லெண்ணெய் தடவிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

இன்டர்வியூவுக்கு மாகாளிக்கு ஷூ வாங்கியாயிற்று. கடித்தது. பின்பக்கம் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்தேன். ரேஷனில் பாமாயில் இல்லை, அடுத்த வாரம் என்றான்.

ஜூன் 19, வியாழன்

ஓசூர் கம்பெனி வந்தது. பெரிய கம்பெனி. சாமான்களை வார்க்க இரும்பு அச்சு செய்கிற இடத்தில் பிட்டர் வேலை. முதலில் எழுத்துப் பரீட்சை, அப்புறம் கைவேலை, அப்புறம் நேரில் கேள்வி. மூன்றிலும் மாகாளி தேறிவிட்டாள். முகமெல்லாம் பல்லாக வந்தாள்.

"இன்னும் ஒண்ணுதான் ஆச்சி. வீட்டுக்கு போன் பண்ணி ரெண்டு வார்த்தை கேப்பாங்களாம். நீ நல்லபடியா பேசு."

"நான் என்னைக்கு மோசமாப் பேசுனேன்?"

சிரித்தாள். இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டாள்.

ஜூன் 23, திங்கள்

போன் வந்தது.

உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண்பிள்ளைக் குரல். மரியாதையான குரல்தான். "வணக்கம்மா, உச்சிமாகாளி வீடுங்களா?"

"ஆமா. நான் அவ ஆச்சி. அவ அப்பனப் பெத்தவ."

"ஓசூர் கம்பெனியில இருந்து பேசறேங்க. பொண்ணு நல்லா பண்ணியிருக்காங்க. வீட்டுல ஒரு நாலு விஷயம் கேட்டுக்கலாம்னு."

"தாராளமாக் கேளு தாயி."

அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"இங்க ஹாஸ்டல்ல தங்கணும். அனுப்புவீங்களா?"

"எங்க பிள்ளை இதுவரைக்கும் ஒரு ராத்திரி வெளிய தங்கினது கிடையாது. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனாக்கூட விளக்கு வைக்கதுக்குள்ள வீடு வந்துருவா. அப்படி வளத்திருக்கோம்."

"ஓ. ஷிப்ட் வேலைங்க. நின்னுக்கிட்டே செய்யணும். பழக்கம் இருக்குதா?"

"அவள நாங்க ஒரு குடம் தண்ணி தூக்க விட்டதில்ல. அவ்வளவு செல்லம்."

இது பொய்தான். தண்ணீர் லாரி வந்தால் அத்தனை குடத்தையும் அவள்தான் தூக்குகிறாள். அதையெல்லாம் வெளியே சொல்வார்களா?

"பொண்ணு எப்படி, தைரியமாப் பேசிப் பழகுவாங்களா?"

"நாலு பேரு முன்னால நிமிந்து பாக்க மாட்டா. எதுத்து ஒரு வார்த்தை வராது. தெருவுல கேட்டுப் பாருங்க."

"குடும்பத்துக்கு இந்த வேலை ரொம்பத் தேவைங்களா?"

அங்கேதான் நான் உஷாராகிவிட்டேன். கேட்கிற இடத்தில் குறையைச் சொல்லிவிட்டால் பிள்ளைக்கு மதிப்பு போய்விடும். "ஆண்டவன் புண்ணியத்துல, அவ சம்பாதிச்சுத்தான் எங்க வீட்டுல உலை கொதிக்கணும்னு இல்ல. ஆசைப்படுதா. அதுக்காக விடுதோம்" என்றேன்.

"கல்யாணம் ஏதும் பாக்கறீங்களாம்மா? கொறைஞ்சது ரெண்டு வருஷமாவது இங்க இருக்கணும்."

"வரன் வாசலத் தேடி வருது. நாங்கதான் தள்ளித் தள்ளி வச்சிருக்கோம். நல்ல இடம் அமைஞ்சா பிறகு ஒரு நாள் கூட வச்சிருக்க மாட்டோம்."

"சரிங்கம்மா. புரியுதுங்க. ரொம்ப நன்றிங்க."

நான் பேசியதில் ஒரு சொல் குறைவு கிடையாது. என் மகள் சரசுவதியைக் கேட்டு வந்தபோதும் இப்படித்தான் பேசினேன். அந்த வாரமே வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றிருந்தது. "என்னக்கா, மாகாளிய பொண்ணு கேட்டு வாராகளா?" என்றாள் அந்தோணியம்மாள்.

"இல்ல. கம்பெனியில இருந்து."

"கம்பெனியில இருந்தா?" என்று என் முகத்தையே பார்த்தாள். பொறாமை. அவள் மகன் படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான்.

ஜூன் 24, செவ்வாய்

நேற்று பேசியதை மாகாளியிடம் சொன்னேன். "நல்லாப் பேசிட்டேன், கவலைப்படாத" என்றேன். கட்டிக்கொண்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

பட்டியல் வந்துவிட்டது. அதில் மாகாளி பெயர் இல்லை.

பக்கத்து மேஜையில் நின்ற எஸ்தர் பெயர் இருக்கிறதாம். அந்தப் பிள்ளைக்கு அரம் பிடிக்கவே இவள்தான் சொல்லிக் கொடுத்தாள். மாகாளி சாயங்காலம் வந்து, போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு காக்கிக் கோட்டை எடுத்துத் துவைத்தாள். அது அழுக்காகவே இல்லை.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியல ஆச்சி. கேட்டதுக்கெல்லாம் சொன்னேன். இங்கிலீஷுல ஒரு எடத்துல திக்கிட்டேன். அதுவா இருக்குமோ?"

"முகத்தப் பாத்து எடுக்காணுவ. விட்டுத் தள்ளு."

"முகத்துக்கு என்ன ஆச்சி?"

அந்தக் கம்பெனி நல்ல கம்பெனியாக இருக்காது. குரல் மட்டும் மரியாதையாக வைத்துக்கொண்டால் போதுமா?

ஜூலை 5, சனி

சங்கரபாண்டி வந்திருக்கிறான். சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு, "ஐடிஐ படிச்சா கையோட வேலைன்னானுக" என்றான். பூரணம், "ஆடி இன்னும் பொறக்கவே இல்ல" என்றாள். அவளுக்கு இருமல். பேச ஆரம்பித்தால் முடிக்க முடிகிறதில்லை.

மாகாளி தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றை ஒதுக்கி ஒதுக்கி வைத்தாள். கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்க்கிறதை நிறுத்திவிட்டாள். பெயரை மட்டும் முணுமுணுத்துக்கொண்டு போகிறாள். மறுபடியும் பாதியை விழுங்குகிறாள்.

ஜூலை 8, செவ்வாய்

மாகாளி சாப்பிடவில்லை. எலுமிச்சம்பழச் சாதம் அவளுக்குப் பிடிக்கும். கோழிக்குப் போட்டேன்.

ஜூலை 10, வியாழன்

தனுஷ்கோடி சாரிடம் போய்க் காரணம் கேட்டுவருகிறேன் என்று போனாள். திரும்பி வந்ததும் புத்தகப் பையைக்கூட இறக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சார் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

என் போன் தரையில் கிடந்தது. அதை எடுத்து, சேலை முந்தானையால் துடைத்து, திரும்ப வைத்தாள். என் முந்தானைதான்.

"ஆச்சி, அன்னைக்கு அவங்க என்னதான் கேட்டாங்க? முழுசாச் சொல்லேன்."

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. விளக்கு வைப்பதற்குள் வீடு வருவதை, குடம் தூக்க விடாததை, வரன் வாசலைத் தேடி வருவதை. அவள் என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு இடத்தில் கை நின்றது. பிறகு மறுபடி பிடித்துவிட்டாள்.

"அப்படியா சொன்ன."

"பின்ன? விட்டுக் குடுப்பனா உன்ன?"

"இல்ல ஆச்சி. நீ விட்டுக் குடுக்க மாட்ட" என்று எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். தண்ணீர் வருகிற நாள் இல்லை அது. ரொம்ப நேரம் கழித்துக் காலிக் குடத்தோடு வந்தாள்.

பிள்ளைக்கு மனசு சரியில்லை. உச்சிமாகாளி கோயிலுக்கு மாவிளக்கு நேர்ந்திருக்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. காற்று ஆளைத் தள்ளுகிறது. காயப்போட்ட துணி அந்தோணியம்மாள் வீட்டுக் கூரையில் போய் விழுந்தது.

சனிக்கிழமை ஐடிஐயில் பெற்றோர் கூட்டம். பூரணத்துக்கு லீவு கிடைக்காது. நான் போவேன் என்றேன். மாகாளி வேண்டாம் என்கிறாள். "காத்தும் வெயிலுமா இருக்கு. பஸ்ஸுல உக்கார எடம் இருக்காது. ஒண்ணும் பெரிசாச் சொல்ல மாட்டாங்க ஆச்சி. எங்க வீட்டுல யாரும் வரலன்னு சார்ட்ட சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன? அம்மைக்கு முடியாது, அப்பனக் காணோம், ஆச்சியும் வரலன்னா நாதியில்லாத பிள்ளைன்னுல்லா நெனப்பாக."

அவள் கெஞ்சுகிற மாதிரி பார்த்தாள். எனக்குப் புரியவில்லை. இதில் கெஞ்ச என்ன இருக்கிறது?

மயில் கழுத்துக் கலர் சேலையை எடுத்து வெளியே வைத்தேன்.

ஜூலை 19, சனி

கூட்டத்துக்குப் போய்வந்தேன்.

பெரிய ஷெட்டு. வரிசையாக மேஜை, மேஜை மேல் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ். எது மாகாளி நிற்கிற இடம் என்று கேட்டுப் போய்த் தொட்டுப் பார்த்தேன். இரும்பு குளிர்ந்து கிடந்தது. நாற்காலி போட்டிருந்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்தேன். மாகாளி பின்னால் சுவரோடு நின்றாள். "பின்னாடி வந்து உக்காரு ஆச்சி" என்று இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். நான் எதற்குப் பின்னால் உட்கார வேண்டும்?

தனுஷ்கோடி சார் இளவயசுதான். நன்றாகப் பேசுகிறார். ஷூ போட்டுப் பழக்குங்கள், காலையில் சாப்பிடாமல் அனுப்பாதீர்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு சொன்னார்.

"கம்பெனிக்காரங்க வீட்டுக்கு ஏன் போன் பண்றாங்க? பிள்ளை எப்படின்னு தெரிஞ்சுக்க இல்ல. பிள்ளைய அவங்க பாத்தாச்சு. நீங்க விடுவீங்களா, பாதியில கூப்பிட்டுக்கிடுவீங்களா, அதுதான் அவங்களுக்குத் தெரியணும். போன மாசம் ஒரு வீடு. பேரு சொல்ல மாட்டேன். மூணு கட்டத்துலயும் முதல்ல வந்த பொண்ணு. அந்தக் கம்பெனி மேடம் என்கிட்ட சொல்லுதாங்க, 'சார், நாங்க பிட்டர் கேட்டோம். அவங்க எங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்க மாதிரி பேசுதாங்க'ன்னு. ராத்திரி வெளிய தங்கினதில்லையாம். ஒரு குடம் தண்ணி தூக்கினதில்லையாம். நாலு பேரு முன்னால நிமிந்து பாக்காதாம். நாங்க இங்க தினமும் நிமிந்து பாரு நிமிந்து பாருன்னு தொண்டை கிழியக் கத்துறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது.

பக்கத்தில் இருந்த அம்மாள் என் தொடையில் தட்டி, "எந்த வீட்டுக் கெழவியோ" என்றாள்.

"கெழவின்னு சார் சொல்லலியே."

"பின்ன வேற யாரு இப்படிப் பேசுவா?"

கூட்டம் முடிந்ததும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். சார் பக்கத்தில் வந்தார். மாகாளியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "வீட்டுல யாரும் வரலன்னு சொன்னியேம்மா" என்றார் அவளிடம். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்கதான் ஆச்சியா? நல்லா இருக்கீங்களா?" என்றார். பதிலுக்கு நிற்காமல் மேஜையில் இருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். அடுக்கித்தான் இருந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மாகாளி ஜன்னல் ஓரம் எனக்குக் கொடுத்தாள். "தண்ணி குடிக்கியா ஆச்சி?" என்றாள். குடித்தேன். "நல்லாப் பேசுதாரு உங்க சாரு" என்றேன். "ஆமா ஆச்சி" என்றாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வீடு எந்த வீடோ. ஊரில் எத்தனையோ வீடு. குடம் என்று எல்லோரும்தான் சொல்வார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

இன்று எழுத ஒன்றும் இல்லை. கீரை கடைந்தேன்.

ஜூலை 26, சனி

மாவிளக்கு போட்டாயிற்று.

ஆட்டுக்கல்லில் உளுந்து அரைத்துக்கொண்டு இருந்தேன். கல் சுற்றுகிறபோது வாய் சும்மா இருக்காது, பழைய பாட்டு ஏதாவது வரும். இன்று பாட்டு வரவில்லை. "அனுப்புவோம் தாயி. எந்த ஷிப்டும் பாப்பா. நின்னு வேலை செஞ்சு பழக்கம். கல்யாணப் பேச்சு இப்போ இல்ல" என்று வந்தது. சும்மா சொல்லிப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அந்தோணியம்மாள் சர்ச்சுக்குப் போயிருந்தாள்.

ஜூலை 30, புதன்

மத்தியானம் போன் அடித்தது. புது நம்பர். ஈரக் கையோடு ஓடிப்போய் எடுத்தேன். ஒரு பெண்பிள்ளைக் குரல், மரியாதையாக, "வணக்கம்" என்றது. "எங்க பிள்ளை எங்க அனுப்புனாலும் போவா. ராத்திரி ஷிப்டும் பாப்பா. வீட்டுக்கு இந்த வேலை அவசியம்" என்று சொல்லிவிட்டேன். 'அவசியம்' என்பதை மட்டும் சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். அந்தக் குரல் நிற்காமல் பேசிக்கொண்டே போயிற்று. லோன் வேண்டும் என்றால் ஒன்றை அமுக்கச் சொன்னது. மிஷினில் பேசி வைத்த குரலாம், பூரணம் சொன்னாள்.

போன் வந்ததை மட்டும்தான் பூரணத்திடம் சொன்னேன். நான் என்ன பேசினேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மாகாளி இரண்டு நாளாகச் சாயங்காலம் அந்தோணியம்மாள் வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஜாக்கெட் தைக்கப் போகிறாளாக்கும். நான் சுவர்ப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

சங்கரபாண்டி போனில் கேட்டான், "என்னம்மா, ஏதும் வந்துச்சா?" வரவில்லை என்றேன். "சங்கரன்கோவில்காரங்க ஆவணி பொறந்ததும் வரவான்னு கேக்காக" என்றான்.

ஆகஸ்ட் 6, புதன்

வேறொரு கம்பெனி வந்ததாம். அதுவும் ஓசூர்ப் பக்கம்தான். பெரிதாகக் கேள்வி எதுவும் கேட்கவில்லையாம். உயரம் பார்த்தார்கள், கண் பார்த்தார்கள், வரிசையில் நிற்கவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அரத்தைத் தொடவே சொல்லவில்லை. "நான் செஞ்ச பீஸக் காட்டட்டுமான்னு கேட்டேன் ஆச்சி. வேண்டாம்னுட்டாங்க."

"வீட்டுக்கு போன் வருமா?"

அவள் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "வந்தாலும் வரும்" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

போனைச் சார்ஜில் போட்டே வைத்திருக்கிறேன். குளிக்கப் போகும்போது வாசலில் ஸ்டூல் போட்டு அதன் மேல் வைத்துவிட்டுப் போகிறேன். வரவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மோர் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தோணியம்மாளின் போன் அடித்தது. மிஷின் நின்றது.

"ஆமா மேடம். உச்சிமாகாளிக்கு வேண்டியவங்கதான். பக்கத்து வீடு. இந்த நம்பர்தான் குடுத்திருக்கும்."

நான் தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் வந்தேன்.

அந்தோணியம்மாள் அந்தப் பக்கம் திரும்பி நின்று பேசினாள். "சொல்லுங்க மேடம். அப்பா லாரியில போறவரு. வண்டி நின்னா அந்த வீடும் நிக்கும். அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல இருமல் வந்து கெடக்கு, இனிமே ரொம்ப நாள் போக முடியாது. வயசான ஆச்சி ஒண்ணு இருக்கு, அது பாவம். இந்தப் பிள்ளை போனாத்தான் அவங்க மூச்சு விடுவாங்க. ராத்திரி ஷிப்டா? எதுக்குப் போட்டாலும் போவும். தண்ணி லாரி வந்தா எங்க வீட்டுக்கும் சேத்து அதுதான் தூக்கும். கல்யாணமா? அதெல்லாம் யாரும் கேட்டு வரல மேடம். யாரு வருவா இந்த வீட்டுக்கு?"

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்துவிட்டாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். இது எங்கள் வீடு, எங்கள் பிள்ளை, கொண்டா அந்தப் போனை என்று கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். என் வாய்க்குள் எல்லாம் தயாராகத்தான் இருந்தது. ஆட்டுக்கல்லில் சொல்லிப் பழகியது.

நான் கையை ஆட்டி, பேசு என்று காட்டினேன்.

"ஆமா மேடம். கட்டாயம் அனுப்புவாங்க" என்று முடித்தாள். முடித்த பிறகு, "யக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. "பிள்ளைதான் இப்படிச் சொல்லணும்னு சொல்லிக் குடுத்துச்சு. ஒவ்வொரு வார்த்தையும் அதுதான் சொல்லிச்சு. நானா ஒண்ணும் சேக்கல."

"எதச் சொல்லுத? நான் மிளகா கிண்டிக்கிட்டு இருந்தேன். எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றேன்.

உப்பு நீர் கையில் பட்டு எரிந்தது. சாயங்காலம் வரை எரிந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஆர்டர் வந்துவிட்டது. ஆடி முடிவதற்குள் வந்துவிட்டது.

பிட்டர் வேலை இல்லை. வரிசையில் நின்று ஏதோ ஒரு சின்னப் பெட்டியில் ஆணி முடுக்குகிற வேலை. எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி. கான்ட்ராக்ட்டில் எடுக்கிறார்களாம். எஸ்தர் ஓசூரில் பிட்டராகச் சேர்ந்துவிட்டாள். மாகாளியின் போனில் முன்னால், தடிமன் அளக்கிற மைக்ரோமீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிற படம் ஒன்று இருந்தது. இன்று பார்த்தேன், அந்த இடத்தில் பூப்படம் இருக்கிறது.

சங்கரபாண்டி சொன்ன சொல்லை மாற்றவில்லை. "போகட்டும்" என்றான். பூரணம் அழுதாள், பிறகு இருமினாள். மாகாளி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "போயிட்டு வாரேன் ஆச்சி, அதுக்குள்ள நல்ல எடம் பாத்துக்கிடுதேன்" என்றாள். அங்கே இருந்துகொண்டு வேறு இடத்துக்கு இன்டர்வியூ போக லீவு விடுவார்களா என்று கேட்டேன். தெரியாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும் என்று சார் சொல்லிக் கொடுத்தது.

தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். கம்பெனி வேலை, ஓசூர் என்று சொன்னேன். என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிட்டர் என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பெட்டியில் மோர் மிளகாய், நல்லெண்ணெய், புதுத் துண்டு வைத்தேன். இரும்புத் துண்டு இரண்டையும் உள்ளே வைத்திருந்தேன். அவள் வெளியே எடுத்து வைத்துவிட்டாள். "அங்க எதுக்கு ஆச்சி, கனம்."

வேனில் ஏறும்போது, பெயர் வாசித்த ஆள் "உச்சி... என்னம்மா பேரு?" என்று கேட்டான். "மாளின்னு போட்டுக்கோங்க சார்" என்றாள்.

காற்றுக்குப் பின்வாசல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அந்த இரும்பை எடுத்து முட்டுக் கொடுத்தேன். அசையவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாகாளி போன் செய்தாள். பூரணத்தின் போனுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூரணம் வீட்டில்தானே இருக்கிறாள், அதுதான் வசதி. அம்மாவிடம் பேசிவிட்டு, "ஆச்சிகிட்ட குடு" என்றாள்.

"சாப்பிட்டியா ஆச்சி?"

"சாப்பிட்டேன். நீ?"

"சாப்பிட்டேன். கால்தான் கொஞ்சம் வீங்கிக் கெடக்கு. சரியாயிரும்."

விளக்கெண்ணெயைச் சுடவைத்துத் தேய், சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படு, முடியவில்லை என்றால் வந்துவிடு என் கண்ணே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கம்பெனிக்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டால்?

"எந்த ஷிப்டு போட்டிருக்காக?" என்றேன்.

"நைட்டு ஆச்சி."

"நல்லதுதான்" என்றேன். "அனுசரிச்சு இரு. நின்னு செஞ்சாப் பழகிரும்."

"சரி ஆச்சி" என்றாள். பூரணம் போனை வாங்கிக்கொண்டாள்.

என் போன் சார்ஜில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். சிக்னல் எல்லாக் கோடும் இருந்தது.